கிணற்றில் எத்தனை முடிச்சு

மெத்தைக் கடை
மார்ச் 3

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் மகளும் பேத்தியும் இங்கே நலம். குட்டிக்கு நாலாவது பல் முளைத்திருக்கிறது. அது கடிக்கிறதா என்று என் விரலில்தான் சோதித்துப் பார்த்தாள்.

எங்கள் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பது வருஷமாக இந்த ஊரில் ஆறு என்றால் லாரி நிறுத்துகிற இடம். போன மாதம் இரண்டு மதகுகளைத் திறந்ததும், மலையைக் குடைந்து வெட்டிய வாய்க்கால் வழியாக உங்கள் ஆற்றுத் தண்ணீர் இங்கே இறங்கியது. முதலில் நுரை வந்தது. பிறகு பழைய செருப்புகள் வந்தன. அதற்கப்புறம்தான் தண்ணீர். ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. உங்கள் மாப்பிள்ளை வாய்க்கால் அலுவலகத்தில் எழுத்தர் என்பதால், தண்ணீரையே நான் பெற்று வளர்த்த மாதிரி எல்லோரும் என்னிடம் வந்து பேசிவிட்டுப் போனார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு சிறு உதவி. அலுவலகத்தில் மாதம் ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். அதில் தலைமதகுக்குக் கீழே, ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு கிணற்றின் அளவு வேண்டும். கரையிலிருந்து இருபது தப்படியில் இருப்பது உங்கள் சலவைக் கூடத்துக் கிணறுதான். பேருந்தில் ஐந்து மணி நேரம் வந்து ஒரு கிணற்றை எட்டிப் பார்ப்பானேன் என்று பையன் யோசிக்கிறான். உங்கள் கிணற்றுக்கு முழத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு இருப்பதாக மருமகள் சொன்னாள். மாதம் ஒரு முறை, கிணற்றில் எத்தனை முடிச்சு என்று எனக்கு ஒரு வரி எழுதினால் போதும். நான் அவனுக்குப் படித்துச் சொல்லிவிடுவேன். ஆஸ்பத்திரிப் போர்வைகளை நூறு நூறாக எண்ணுகிற கைக்கு இது ஒரு வேலையா?

அன்புடன்,
மெத்தைக் கடை சம்பந்தி


சலவைக் கூடம்
மார்ச் 11

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். உங்கள் மாதிரி செருப்பையும் நுரையையும் வைத்து அழகாக எழுத வராது. ஆனால் எண்ணத் தெரியும்.

இன்று காலை, மோட்டார் போடுவதற்கு முன்னால் கயிற்றை விட்டேன். ஒன்பது முடிச்சு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். உங்கள் ஊர் ஆற்றில் தண்ணீர் இறங்கிய அன்றைக்கே எங்கள் ஆறு படித்துறையில் மூன்று படி இறங்கியது. இங்கே யாரும் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. இஸ்திரிக்காரர் மட்டும் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, ஆறு உக்காந்துருச்சு" என்றார்.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். எத்தனையோ கிணறு இருக்க, மாப்பிள்ளைக்கு என் கிணற்றின் கணக்கு எதற்கு? படிவத்துக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். படிவம் எதற்கு? மகளிடம் கேட்டு எழுதினேன். அவர் வீட்டில் அலுவலகப் பேச்சு பேசுவதில்லை என்று பதில் எழுதுகிறாள். சம்பந்தி வீட்டுக் கிணற்றை வைத்து எழுதுகிற படிவத்தில் சம்பந்தி வீட்டுக்குத் தெரியக்கூடாதது என்ன இருக்கிறது?

குட்டி கடித்த விரலுக்கு மஞ்சள் வைக்கவும்.

சலவைக் கூடத்திலிருந்து


மெத்தைக் கடை
ஏப்ரல் 5

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் ஒன்பதைப் பையனிடம் படித்துச் சொன்னேன். எழுதிக்கொண்டான். படிவத்தில் ஒளிக்க ஒன்றுமில்லை. அலுவலகம் என்றால் ஆயிரம் காகிதம். எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பெண்டாட்டியிடம் படித்துக் காட்டினால் அவனை யாராவது வேலையில் வைத்துக்கொள்வார்களா?

நீங்கள் மனம்விட்டுக் கேட்டதால் நானும் மனம்விட்டு ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆற்றில் மேலே ஓர் அளவுகோலும் கீழே ஓர் அளவுகோலும் நட்டிருக்கிறார்கள். மேல் கோலைத் தாண்டுகிற தண்ணீர் முழுவதும் கீழ் கோலுக்கு வந்து சேர்வதில்லையாம். நடுவில் காணாமல் போகிறது. நடுவில் இருப்பது என்ன? உங்கள் சலவைக் கூடம். ஆற்றங்கரைக் கிணற்றில் மோட்டார் போட்டு இறைத்தால் மண்ணுக்குள் ஊறி வருவது ஆற்றுத் தண்ணீர்தான் என்று அலுவலகத்தில் பெரியவர் ஒருவர் படம் போட்டே காட்டினாராம். வாசல் வழியாக எடுத்தால்தான் எடுத்ததா, கொல்லை வழியாக எடுத்தால் இல்லையா என்று அவர் கேட்டாராம். இது அவர் சொன்னது, நான் சொல்லவில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மோட்டார் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுதினால், யாராவது கேட்கும்போது உங்களுக்காக நானே பேச வசதியாக இருக்கும். இந்த மாத முடிச்சையும் எழுதவும்.

அன்புடன்,
மெத்தைக் கடை சம்பந்தி


சலவைக் கூடம்
ஏப்ரல் 16

சம்பந்தியம்மாவுக்கு,

பெரியவர் சொன்னாராம், நீங்கள் சொல்லவில்லையாம். நல்லது. அந்தப் பெரியவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

இருபத்தாறு வருஷமாக இந்தக் கிணற்றில் கயிறு விடுகிறேன். ஆறு பெருகினால் மூன்றாம் நாள் என் கிணறு ஏறும். ஆறு இறங்கினால் மூன்றாம் நாள் இதுவும் இறங்கும். இரண்டுக்கும் மண்ணுக்கடியில் பேச்சுவார்த்தை உண்டு. நமக்குள் இருப்பதைவிட நல்ல பேச்சுவார்த்தை. படம் போடாமலே எனக்கு இது தெரியும். என் மோட்டார் ஆற்றுத் தண்ணீரை இழுக்கிறது என்றால், ஆற்றைத் திருப்பிவிட்டவர் என் கிணற்றுத் தண்ணீரை இழுக்கிறார் என்றுதானே அர்த்தம்? ஒரு கண்ணைத் திறந்துகொண்டு மறு கண்ணை மூடிக்கொள்கிறாரே உங்கள் பெரியவர்.

மோட்டார் நாளைக்கு நாலு மணி நேரம் ஓடும். போன வாரம் அதுவும் பழுதாகி மூன்று நாள் சும்மா கிடந்தது. அந்த மூன்று நாளும் கயிறு விட்டுப் பார்த்தேன். மோட்டார் ஓடாமலே நிலைமை மோசமானது. இதையும் படித்துக் காட்டவும்.

இந்த மாதம் பன்னிரண்டு முடிச்சு.

இது நான் மட்டும் சொல்வது இல்லை. நேற்று உங்கள் அலுவலகத்திலிருந்தே தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். அவர் கொண்டுவந்த நாடா அடி வரைக்கும் எட்டவில்லை. என் கயிற்றையே வாங்கி, அடிமண்ணைத் தொடுகிற வரைக்கும் விட்டு, இழுத்து எண்ணினார். "பன்னெண்டு. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். நானும் பன்னிரண்டு என்றேன். "சரியா இருக்கு, இவ்வளவு கரெக்டா யாரும் சொல்றதில்ல" என்று சொல்லி ஒரு சரி அடையாளம் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு டீ கூடக் குடிக்கவில்லை.

ஆகவே இங்கே என்ன நடக்கிறது என்று இனி அலுவலகத்துக்கும் தெரியும். தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

சலவைக் கூடத்திலிருந்து


மெத்தைக் கடை
மே 9

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கண்ணாடிக்காரர் உங்களைப் பற்றி அலுவலகத்தில் நல்லபடியாகச் சொன்னாராம். எண் மிக நன்றாக இருக்கிறது, எழுதியபடியே இருக்கிறது என்று மேலதிகாரி பையனைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினாராம். அவனுக்கு இரண்டு நாள் கால் தரையில் படவில்லை. அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் பேர் வரும் என்கிறார்கள். உங்கள் கையெழுத்தால் உங்கள் மாப்பிள்ளைக்கு நல்ல பேர். அதற்கு என் நன்றி.

நாலாம் தேதி மூன்றாவது மதகையும் திறந்துவிட்டார்கள். எங்கள் ஆறு இப்போது பாலத்தின் காலில் பாதி நனைகிற அளவுக்கு ஓடுகிறது. தெருக்குழாயில் அடித்தால் உடனே கொட்டுகிறது. கொஞ்சம் உப்பு ருசி.

நீங்கள் மட்டும் எதற்கு இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள் என்று புரியவில்லை. நல்ல எண் வருகிறபோதும் ஒரு நல்ல வார்த்தை இல்லை. மருமகளும் இப்போதெல்லாம் உங்கள் கடிதம் வந்த நாளில் சரியாகப் பேசுவதில்லை. அவளுக்குத் தனியாக என்ன எழுதுகிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

கடைக்குக் கீழே பஞ்சு வைக்கிற நிலவறையில் ஒரு வாடை அடிக்கிறது. எலி செத்திருக்கும். வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
மெத்தைக் கடை சம்பந்தி


சலவைக் கூடம்
மே 20

சம்பந்தியம்மாவுக்கு,

எண் மிக நன்றாக இருக்கிறதாம். இந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். இஸ்திரிக்காரரையும் படிக்கச் சொன்னேன். அவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படித்தார். "யாருக்கு நல்லா இருக்காம்?" என்று கேட்டார். பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.

என் கிணறு இருக்கிற இருப்பைப் பார்த்து ஒருவர் தோளில் தட்டிக்கொடுக்கிறார் என்றால் நான் என்ன நினைக்க வேண்டும்? நினைத்துவிட்டேன், எழுதியும் விடுகிறேன். எங்கள் கரையில் இறைக்கும் நிலையம் ஒன்று கட்ட இடம் தேடுகிறார்கள் என்று போன வருஷமே ஒரு பேச்சு அடிபட்டது. சலவைக் கூடத்தை மூடினால் இடம் தானாகக் கிடைக்கும். அதற்கு என் கையாலேயே என்னை மாதாமாதம் கணக்கு எழுத வைத்திருக்கிறீர்கள். மாப்பிள்ளை கெட்டிக்காரர். கண்ணாடிக்காரர் டீ குடிக்காமல் போனபோதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பதினைந்து முடிச்சு. எழுதிக்கொள்ளுங்கள், தட்டிக்கொடுக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்குத் தினம் இருநூறு போர்வை துவைத்த இடம் இது. இப்போது நூற்றுப்பத்து. தண்ணீரை மூன்றாம் அலசலுக்குச் சேர்த்து வைக்கிறோம். ரத்தக்கறை உள்ளதை மட்டும் முதலில் எடுக்கிறேன். மீதி மூட்டையாகக் கிடக்கிறது. அடுத்த மாதக் கடைசிக்குள் பழையபடி கொடுக்க முடியாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் சொல்லிவிட்டுப் போனார். எங்களை நம்பிப் பதினோரு பேர் இருக்கிறார்கள்.

மகளுக்குத் தனியாக எதுவும் எழுதவில்லை. இதைத்தான் எழுதினேன். உங்களுக்கு எழுதுவதை எழுத்து மாறாமல் அவளுக்கும் எழுதுகிறேன். ஒளிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

சலவைக் கூடத்திலிருந்து


மெத்தைக் கடை
ஜூன் 12

சம்பந்தியம்மாவுக்கு,

இந்நேரம் உங்கள் மகள் அங்கே வந்து சேர்ந்திருப்பாள். உங்களுக்குத் திருப்திதானே?

ஞாயிற்றுக்கிழமை அவன் குளித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய பையைத் திறந்து படிவத்தின் நகலை எடுத்திருக்கிறாள். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தவனிடம் அதை நீட்டி, "எங்கம்மா கிணத்துல பதினஞ்சு முழம் தண்ணி நிக்குதா? இதை எழுதுன கைதான் என் புள்ளைக்குச் சோறு ஊட்டுதா?" என்று கேட்டாள். நான் அடுப்படியில் இருந்தேன். இந்த வீட்டில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. அவன், "உங்கம்மா எழுதினதைத்தான் எழுதினேன்" என்றான். அவள் நம்பவில்லை. நகலைத் தன் பைக்குள் வைத்தாள், குழந்தையை இடுப்பில் வைத்தாள், கிளம்பிவிட்டாள்.

அவன் சொன்னது உண்மை. உங்கள் கடிதங்கள் மூன்றும் இதோ என் மேசையில் இருக்கின்றன. ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து. உங்கள் கையெழுத்து. உங்கள் பேனா. அவன் ஒரு எண்ணைக் கூட மாற்றவில்லை. மாதம் மூன்று முழம் ஏறுகிற கிணற்றை வைத்துக்கொண்டு தண்ணீர் இல்லை என்று மகளிடம் அழுதது யார்? எங்களுக்கு ஒன்று எழுதி, ஊருக்கு ஒன்று சொல்கிறவர் யார்? என் பையனுக்குப் பேர் வருகிறது என்றதும் அதைக் கெடுப்பதற்காகச் செய்ததா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. சந்தேகம் தப்பு என்றால் காட்டுங்கள்.

அவன் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. குட்டியின் ஒரு செருப்பு இங்கே கிடக்கிறது. அதை அலமாரி மேல் வைத்துக்கொண்டு பார்க்கிறான்.

அவளை அனுப்பி வையுங்கள்.

மெத்தைக் கடை


சலவைக் கூடம்
ஜூன் 19

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கிழிக்கத்தான் போனேன். மாதம் மூன்று முழம் ஏறுகிற கிணறு என்ற வார்த்தை கையைப் பிடித்து நிறுத்தியது. ஏறுகிறது என்று நான் எங்கே எழுதினேன்?

மகள் கொண்டுவந்த நகலை மேசையில் விரித்தோம். தலைப்பில் கிணற்றில் நிற்கும் நீர் என்று இருக்கிறது. அதற்குக் கீழே என் எண்கள். நிற்கும் நீரைப் பற்றி நான் ஒரு நாளும் எழுதவில்லை. சலவைக் கூடத்தில் யாருக்கும் அது வேண்டாம். தண்ணீரைத் தொடக் கயிறு எத்தனை முடிச்சு இறங்குகிறது என்பதுதான் எங்களுக்குக் கணக்கு. மோட்டார் எட்டுமா எட்டாதா என்று அதைப் பார்த்துத்தானே சொல்ல முடியும். விளிம்பிலிருந்து கீழே எண்ணுவோம். காய்ந்த முடிச்சு. நான் எழுதியது எல்லாம் காய்ந்த முடிச்சு.

நீங்கள் எப்படி எண்ணுவீர்கள் என்று மகளிடம் கேட்டேன். உங்கள் வீட்டில் கல்லைக் கட்டி அடிமண் வரை விட்டு, இழுத்து, நனைந்ததை எண்ணுவீர்களாம். நாலு வருஷம் உங்கள் வீட்டில் இருந்தவள் இதை ஒரு தடவை கூட என்னிடம் சொல்லவில்லை. கேட்டால், இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்தாளாம்.

என் கிணற்றில் விளிம்பிலிருந்து அடிமண் வரை இருபத்துநாலு முடிச்சு. இப்போது நீங்களே கழித்துப் பாருங்கள். ஒன்பது என்று எழுதியபோது பதினைந்து நின்றது. பதினைந்து என்று எழுதியபோது ஒன்பதுதான் நின்றது. நான் அழுகிற இடத்தில் எல்லாம் உங்கள் மேலதிகாரி தட்டிக்கொடுத்திருக்கிறார்.

அந்தக் கண்ணாடிக்காரர் மட்டும் எப்படிச் சரி என்றார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அவரும் நானும் ஒரே எண்ணைச் சொன்னோமே. இஸ்திரிக்காரர்தான் கேட்டார்: "அக்கா, அந்த ஆளு கையில எந்தப் பக்கத்துக் கயிறு இருந்துச்சு? ஈரப் பக்கமா, காஞ்ச பக்கமா?" ஈரப் பக்கம். அவர் சட்டைக் கை நனைந்திருந்தது எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது. இருபத்துநாலில் பாதி பன்னிரண்டு. அந்த ஒரு மாதம் காய்ந்ததும் பன்னிரண்டு, நனைந்ததும் பன்னிரண்டு. வருஷத்தில் வேறு எந்த நாளில் வந்திருந்தாலும் மாட்டியிருக்கும். அந்த நாளில் வந்தார்.

காய்ந்தது என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதாதது என் தப்பு. ஐந்தாம் வகுப்புப் படிப்பின் மேல் போட மாட்டேன். எனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்ற நினைப்புதான் காரணம். ஆனால் உங்கள் பேரில் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. ஆறு உட்கார்ந்தது என்று எழுதினேன். மோட்டார் ஓடாமலே மோசமானது என்று எழுதினேன். போர்வை பாதியானது என்று எழுதினேன். எண்ணை மட்டும் படித்துக் காட்டினீர்களா, மீதியையும் படித்துக் காட்டினீர்களா?

கயிற்றையே இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். போர்வையில் குறி போடுகிற மையால் இன்றைய தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். துவைத்தாலும் போகாது. கோட்டுக்கு மேலே பதினெட்டு, என் கணக்கு. கோட்டுக்குக் கீழே ஆறு, உங்கள் கணக்கு. மாப்பிள்ளையிடம் கொடுங்கள். மோட்டார் இப்போது காற்றையும் சேர்த்து இழுக்கிறது. ஆஸ்பத்திரி சொன்ன கெடுவுக்குப் பதினோரு நாள் இருக்கிறது.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொன்னது இது: "தெரிஞ்சு எழுதினாரா, தெரியாம எழுதினாரான்னு எனக்கு இனிமே வேணாம். இப்ப தெரிஞ்சுபோச்சில்ல, இப்ப என்ன எழுதறாருன்னு பாக்கறேன்."

சலவைக் கூடத்திலிருந்து


மெத்தைக் கடை
ஜூன் 28

சம்பந்தியம்மா,

பார்சல் இருபத்திரண்டாம் தேதியே வந்தது. பையனிடம் இருபத்து நாலாம் தேதிதான் கொடுத்தேன். இரண்டு நாள் அலமாரியில் பழைய புடவைக்கு அடியில் இருந்தது. இதை நான் எழுதாவிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன்.

முதலில் கயிற்றைச் சந்தேகப்பட்டேன். முடிச்சுக்கு முடிச்சு என் முழங்கையை வைத்து அளந்து பார்த்தேன். நீங்கள் நடுவில் வெட்டி ஒட்டியிருப்பீர்களோ என்று ஒவ்வொரு முடிச்சையும் திருப்பிப் பார்த்தேன். ஒரே கயிறு. பிறகு எங்கள் கிணற்றில் விட்டுப் பார்த்தேன். தண்ணீரைத் தொட நாலு முடிச்சுகூட இறங்கவில்லை. முன்பெல்லாம் பதினாறு இறங்க வேண்டும்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். எண்ணை மட்டும்தான் படித்துக் காட்டினேன். மீதியைப் படிக்கவில்லை. நீங்கள் குத்திக் குத்தி எழுதியிருந்தீர்கள், அவன் மனசு கஷ்டப்படும் என்று நினைத்தேன். அது மட்டும் இல்லை. நீங்கள் ஒன்பது என்றுதான் எழுதியிருந்தீர்கள். அவன், "ஒன்பது நிக்குதாம்மா?" என்று கேட்டான். "ஆமா, நிக்குது" என்றேன். அந்த ஆமாம் என்னுடையது. படிவத்தில் இருக்கிறது அவன் கையெழுத்து, அதில் இருக்கிறது என் வார்த்தை.

நிலவறையில் எலி சாகவில்லை. மே மாதத்திலிருந்தே சுவர் கசிகிறது. முதலில் வெள்ளையாக உப்புப் பூத்தது. பிறகு தரையில் ஈரம். மூன்றாவது மதகைத் திறந்த பிறகு கணுக்கால் அளவு தண்ணீர். முப்பது மூட்டைப் பஞ்சு கறுத்துப்போனது. தெருவில் எல்லா வீட்டு நிலவறையும் இப்படித்தான். ஆனால் யாரும் யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் எல்லோரும் பாலத்தில் நின்று கைதட்டியவர்கள். நான் முன்வரிசையில் நின்றவள். ஊர் முழுக்கத் தண்ணீர் வந்த பெருமையைச் சொல்லிவிட்டு, என் வீட்டுக்கு அடியிலும் வந்துவிட்டது என்று யாரிடம் சொல்வேன்? பையன் இப்போது சொல்கிறான், ஆற்றில் விட்ட தண்ணீரில் ஒரு பங்கு படுகை வழியாக மண்ணுக்குள் இறங்கி எங்கள் தெருவுக்குக் கீழே நிற்கிறதாம். உங்கள் கிணற்றில் குறைந்தது என் மெத்தைகளுக்குக் கீழே இருக்கிறது, சம்பந்தியம்மா.

கயிற்றை அவன் கையில் கொடுத்தபோது மைக்கோட்டுக்குக் கீழே இருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணினான். நான் சொன்னேன், "இதை விட்டுரு. அடுத்த மாசத்துலேந்து சரியா எழுது. பட்டியல் வரட்டும்." தாய் அப்படிச் சொன்னாள் என்று உங்கள் மகளிடம் நீங்கள் சொல்லலாம். அவன், "மதகு அடுத்த மாசம் வரைக்கும் தெறந்திருக்குமேம்மா" என்றான். உங்கள் கிணற்றில் தண்ணீர் குறையாமல் இருந்தால் மட்டுமே மூன்றாம் மதகு திறக்கலாம் என்பது விதியாம். படிவம் அதற்குத்தானாம். அது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகம் போனான். மேலதிகாரி உட்காரச் சொல்லாமலே பேசினாராம். நேரில் போகாமல் கடிதத்தைப் பார்த்து எழுதினேன் என்று இவன் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டான். பட்டியலில் இனிப் பேர் வராது. மூன்றாம் மதகை நேற்று மூடினார்கள். இரண்டாவதைப் பாதி இறக்கியிருக்கிறார்கள். ஊரில் பாதிப் பேர் என்னிடம் பேசுவதில்லை. நிலவறை உள்ள பாதிப் பேர் யாரும் பார்க்காதபோது வந்து பேசுகிறார்கள்.

இவனைத் தலைமதகுக்கு மாற்றிவிட்டார்கள். தகரக் கூரை போட்ட ஓர் அறை. தண்டனை என்று சொல்லவில்லை, பணி மாற்றம் என்கிறார்கள். உங்கள் சலவைக் கூடத்திலிருந்து ஆறு மைல். கயிற்றை அவனே கொண்டுவருவான். குட்டியின் செருப்பும் அவனிடம் இருக்கிறது.

அவனை உள்ளே விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம்.

சம்பந்தி


சலவைக் கூடம்
ஜூலை 10

சம்பந்தியம்மாவுக்கு,

மாப்பிள்ளை நேற்றுக் காலை வந்தார். நான் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கிணற்றடியில் போர்வை அலசிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகக் கிணற்றுக்கு வந்து கயிற்றை விட்டார்.

நான் பக்கத்திலேயே நின்றேன். நீங்கள் என் கயிற்றை முழம் போட்டுப் பார்த்தீர்கள் அல்லவா, நான் அவர் விரலைப் பார்த்தேன். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறார் என்று. விளிம்பிலிருந்துதான் எண்ணினார். இரண்டு தடவை. பிறகு அடிமண் வரை விட்டு நனைந்ததையும் எண்ணி, இரண்டையும் கூட்டி இருபத்துநாலு வருகிறதா என்று பார்த்தார். வந்தது. நோட்டில் இரண்டு எண்ணையும் எழுதினார். பக்கத்தில் காய்ந்தது, நனைந்தது என்றும் எழுதினார். அவர் எழுதி முடித்த பிறகுதான் நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

மகள் வாசலில் குட்டியோடு நின்றாள். அங்கிருந்தே, "எத்தனை?" என்று கேட்டாள்.

"பதினேழு."

"எது?"

"காஞ்சது."

அவள் உள்ளே போய் இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள். குட்டி செருப்பை வாங்கிக்கொண்டாள், அது இப்போது காலில் நுழையவில்லை. மகள் எத்தனை நாள் இங்கே இருப்பாள், தகரக் கூரைக்குப் போவாளா, எதையும் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்களும் கேட்டு எழுத வேண்டாம்.

ஆஸ்பத்திரி வைத்த கெடு முடிந்துவிட்டது, ஆனால் வேறு ஆளை இன்னும் வைக்கவில்லை. மேற்பார்வையாளரிடம் மாப்பிள்ளையே போய் நோட்டைக் காட்டிவிட்டு வந்தார். இன்னும் ஒரு மாதம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதம் போதுமா என்று எனக்குத் தெரியாது. இரண்டு மதகு திறந்தபோதே ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குப் போன கிணறு இது. பாதி இறக்கியதை யாராவது சத்தமில்லாமல் மறுபடி ஏற்றமாட்டார்கள் என்பதற்கு என்ன நிச்சயம்? உங்கள் மகனாகவே இருந்தாலும் சரி. ஆகையால் இனி மாதம் ஒரு முறை இல்லை, தினமும் எண்ணப்போகிறேன். உங்கள் நிலவறைத் தண்ணீரில் நீங்களும் ஒரு குச்சியை நட்டு, எனக்கு எழுதி வாருங்கள். என் எண் குறைகிற போது உங்கள் எண்ணும் குறைய வேண்டும். குறையாவிட்டால் இருவரில் ஒருவர் சரியாக எழுதவில்லை என்று அர்த்தம்.

கறுத்த பஞ்சைத் தூக்கிப் போடாதீர்கள். உப்புத் தண்ணீர்தானே, இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் உதறிப் போட்டால் பாதியாவது தேறும். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

இன்று காலை பதினேழுக்கு ஒரு விரல் குறைவு. காய்ந்தது. யாருக்காவது இதைப் படித்துக் காட்டினால், கடைசி வார்த்தையையும் சேர்த்துப் படிக்கவும்.

சலவைக் கூடத்திலிருந்து